பத்தரை முதல் ஐந்தரை வரை

ஹாலிஎல,
16.02.2025

அத்தானுக்கு,

ஃபோன் கெட்டுப்போகவில்லை. சிக்னலும் இருக்கிறது. பதினொரு நாட்களாக உங்கள் அழைப்பை எடுக்காமல் இருப்பது நான்தான். உங்கள் தம்பி சதீஸ்குமார் நேற்று வாசலில் நின்று, "அண்ணன் தோஹாவுல சாப்பிடாம கெடக்காரு அண்ணி, ஒரு தடவ பேசிடுங்க" என்றார். ஃபோனில் நான் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று பேசிவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஐந்தாம் திகதி புதன்கிழமை மாலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், நமுனுகுலையிலிருந்து விஜயலெட்சுமி அக்கா பேசினார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் அம்மாவின் அறைக்கு அடுத்த காம்பராவில் இருப்பவர். "ராணி, அம்மாவுக்கு ஒடம்பு நெருப்பா காயுது. காலு கறுத்துப் போயிருக்கு. பேச்சும் ஒழுங்கா இல்ல. ஒடனே காரை எடுத்துக்கிட்டு வா" என்றார். "வாறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அப்படிச் சொன்னதுதான் நான் செய்த பிழை. கார் வருகிறது என்று நம்பி அவர்கள் வேறு வண்டி பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் போய்வந்து, தர்ஷிகாவை டியூஷனில் விட்டுக் கூட்டிவந்த பிறகு காரில் பதின்மூன்று வீதம் சார்ஜ்தான் இருந்தது. பசறை ஏற்றத்திலேயே நின்றுபோகும். சுவரில் மாட்டியிருக்கும் சார்ஜரில் செருகினேன். செம்மஞ்சள் விளக்கு. இரவு பத்தரைக்குத்தான் பச்சையாகிச் சார்ஜ் ஏறும். அதுவும் ஐந்து யூனிட் ஓடியதும் அணைந்துவிடும். அந்தச் சார்ஜர் உங்கள் ஃபோன் சொல்வதை மட்டும்தான் கேட்கும். காரோடு வந்த சாதாரண பிளக் வயரை, வீட்டு வயரிங் தாங்காது என்று சொல்லி உங்கள் தம்பி எடுத்துப் போய் ஒரு வருடமாகிறது. உங்களை ஒன்பது முறை அழைத்தேன். டியூட்டியில் ஃபோன் லாக்கரில் இருக்கும் என்று தெரிந்தேதான் அழைத்தேன். விளக்கையே பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் போர்டிகோவில் நின்றேன். வெறும் மூன்றரை மணி நேரம் கழித்துப் பச்சையாகிவிடுமே என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. எனக்குப் புத்தி எப்படி ஆகிவிட்டது பாருங்கள்.

பிறகுதான் ஸனூஸ் நானாவின் ஆட்டோவைப் பிடித்தேன். அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நடுச்சாமம் ஆகிவிட்டது. அடுத்த நாள் காலையில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். "சீனி வருத்தக்கார ஆள, மூணு மாசமா ஏன் கிளினிக் கூட்டிட்டு வரல்ல டீச்சர்?" என்று டாக்டர் கேட்டார். மூன்று மாதமாக ஒரு இரவுக்கு ஐந்து யூனிட். ஐந்து யூனிட்டில் பள்ளிக்கூடம் போய்வரலாம். நமுனுகுலைக்குப் போய்வர முடியாது. பஸ்ஸில் போய்க் கூட்டிவந்திருக்கலாம்தான். நான் செய்யவில்லை. அதை உங்கள் தலையில் போடமாட்டேன்.

மயக்கம் தெளிந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன்டி, காரு இருக்க நீ எதுக்கு ஆட்டோவுல வந்த? காரு ரிப்பேரா?"

"ஆமாம்மா, ரிப்பேரு" என்றேன்.

உங்களிடம் ஏதாவது சொல்ல இருந்தால் எழுதுங்கள்.

கலாராணி

*

தோஹா,
04.03.2025

அன்புள்ள ராணிக்கு,

உன் கடிதத்தில் 'அன்புள்ள' இல்லை. பார்த்தேன்.

எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும். ஓ.எல். பரீட்சை எழுதினதற்குப் பிறகு பேனா பிடித்ததே கையெழுத்துப் போடத்தான். மேல் கட்டிலில் இருக்கும் ஷாமில், "மச்சான், இந்தக் காலத்துல கடிதமா?" என்று சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

மாமியின் காலை நினைத்து நான் அழவில்லை என்று நினைக்கிறாயா? அன்றைக்குக் காலை எட்டு மணி டியூட்டி. இரவு எட்டுக்கு லாக்கரைத் திறந்தால் ஒன்பது மிஸ்ட் கோல். உனக்கு அப்போது பத்தரை மணி. திருப்பி எடுத்தேன், நீ எடுக்கவில்லை. அந்த இரவு முழுக்க நான் பட்டதை நீ எழுதவில்லை. உனக்குத் தெரியாது.

ஆனால் ராணி, நேரம் பார்த்துச் சார்ஜ் போடச் சொன்னது என் ஆசைக்கா? கார் வாங்கும்போதே படித்துப் படித்துச் சொன்னேனே. கரண்டுக்கு மூன்று விலை. காலை ஐந்தரையிலிருந்து மாலை ஆறரை வரை ஒரு விலை. ஆறரையிலிருந்து பத்தரை வரை பீக், நாடே லைட் போடும் நேரம், அதுதான் ஆகக் கூடின விலை. பத்தரையிலிருந்து விடிய ஐந்தரை வரை மலிவு. உலகம் பூராவும் மின்சார கார் வைத்திருப்பவன் எல்லாம் அப்படித்தான் போடுகிறான். நான் வீடியோ பார்த்துப் படித்தேன். உனக்கும் அனுப்பினேன். நீ பார்த்தாயோ தெரியாது. அயர்ன், தண்ணீர் மோட்டார், ரைஸ் குக்கர் எல்லாம் பத்தரைக்குப் பிறகு என்று சொன்னதும் அதற்குத்தான். நான் இங்கே குளிரூட்டின அறையில் உட்கார்ந்து கெமரா பார்க்கிறவன்தான், ஆனால் அதுவும் உழைப்புத்தான்.

எதற்காக அந்தக் காரை வாங்கினேன்? இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நீ கைக்குழந்தைக்காரி மாதிரிப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் கியூவில் நின்ற படத்தை அனுப்பினாய். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். இனி என் பெண்டாட்டி எந்தக் கியூவிலும் நிற்கக் கூடாது என்றுதான்.

ஐந்து யூனிட்டை இன்றையிலிருந்து ஏழு ஆக்கிவிட்டேன். சார்ஜரைப் பார், தெரியும்.

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நவம்பர் பதினாறு, சனிக்கிழமை. பண்டாரவளை ஸ்டேஷன் பக்கத்தில் கார் நான்கு மணி நேரம் நின்றது. நீ அன்றைக்கு ஃபோனில், "வீட்டுலதான் இருக்கேன், துணி தொவைக்கிறேன்" என்று சொன்னாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

மாமியைப் பார்த்துக்கொள். பிள்ளையைப் பார்த்துக்கொள். தயவுசெய்து ஃபோனை எடு.

உன் யோகராஜ்

*

ஹாலிஎல,
23.03.2025

அத்தானுக்கு,

கேட்கவில்லை என்று எழுதியதே கேட்டதுதான். அதனால் சொல்லிவிடுகிறேன். பண்டாரவளையில் அதிபர் சேவைப் பரீட்சைக்கு வகுப்பு நடக்கிறது. சனிக்கிழமை காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. ஸ்டேஷன் பக்கத்தில் காரை விட்டால் காசு கேட்க மாட்டார்கள். போன வருடம் நான் இந்தப் பரீட்சை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "டீச்சர் வேலையே போதும், பிரின்ஸ்பலாகி எந்தக் காட்டுக்குப் போகப்போற" என்றீர்கள். அதனால் துணி துவைப்பதாகச் சொன்னேன். பொய்தான். அந்த ஒரு வகுப்புக்குத்தான் போனேன். அடுத்த வாரத்திலிருந்து ஐந்து யூனிட் ஆகிவிட்டது. "பில் கூடிப்போச்சு" என்றீர்கள். நானும் நம்பினேன்.

இனி நான் ஒன்று கேட்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பதுளை மின்சார அலுவலகத்துக்குப் போனேன். கரண்ட் பில் இரண்டு வருடமாக உங்கள் ஃபோனுக்கு எஸ்எம்எஸ்ஸில்தான் வருகிறது. வீட்டில் இருப்பது நான், பில்லைப் பார்க்கும் ஆள் நீங்கள். மீட்டர் பெட்டியில் எழுதியிருந்த கணக்கு இலக்கத்தைக் கொப்பியில் குறித்துக்கொண்டு போனேன். இரவு ஏழு யூனிட் பத்து யூனிட் ஏற்றினால் எவ்வளவு வரும், அவசரத்துக்குப் பின்னேரத்தில் ஏற்றினால் எவ்வளவு கூடும் என்று கேட்பதற்குத்தான் போனேன். வேறு எந்த நினைப்பும் இல்லை.

அங்கே ஸ்ரீஸ்கந்தராஜா என்று ஒருவர், யாழ்ப்பாணத்து ஆள், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். இலக்கத்தைக் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஆர் பிள்ளை உங்களுக்கு இப்பிடிச் சொன்னது?"

"என் வீட்டுக்காரர்ங்க சேர்."

"உங்கட மீற்றர் சாதாரண வீட்டு மீற்றர். அதுக்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. மாசத்தில எத்தினை யூனிட் ஓடினது எண்டு மட்டும்தான் தெரியும். நீங்கள் பின்னேரம் ஏழு மணிக்குக் காரை ஏத்தினாலும் ஒரே காசு, சாமத்தில ஏத்தினாலும் ஒரே காசு."

எனக்கு விளங்கவில்லை. மூன்று விலையையும் மனப்பாடமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார்.

"நீங்கள் சொல்லுற மூண்டு நேரமும் சரி. ஆனா அது வேற கணக்கு. அதுக்கு மூண்டு ஃபேஸ் இணைப்பு வேணும், நேரம் பாக்கிற மீற்றர் வேணும், கணக்குக்காரர் தானாக் கேட்டு மாறவேணும். உங்கட வீட்டுக்கு ஒரு ஃபேஸ்தான். உங்கட கணக்கில மாதத்து யூனிட் கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின்ர விலையும் ஏறும். அவ்வளவுதான்."

"அப்ப அந்தக் கணக்குக்கு மாறுனா நல்லதுங்களா?"

"கார் இருக்கிறவைக்கு நல்லதுதான். இரவு பத்தரைக்குப் பிறகு ஏத்தினா நல்ல மிச்சம். ஆனா ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில சமையல், அயன் எல்லாம் அடக்கி வாசிக்க வேணும். இல்லாட்டி அங்க மிச்சம் பிடிச்சது இங்க போயிடும். ரெண்டையும் பாத்துத்தான் முடிவெடுக்கோணும்."

நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு வருடமாகக் காலை நான்கு மணிக்கு எழும்பி, ஐந்தரை அடிப்பதற்குள் சோறு ஆக்கி, சாரியையும் பிள்ளையின் யூனிஃபோர்மையும் அயர்ன் பண்ணி, தண்ணீர் ஏற்றி முடிக்கிறேன். தர்ஷிகா மாலையில் ஒரு பல்பின் கீழ் இருந்து படிக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை ஃபேன் போடுவதற்கு முன் என்னிடம், "அம்மா, பீக் முடிஞ்சிருச்சா?" என்று கேட்கிறாள். கரண்ட் என்றாலே தப்பான பொருள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் ஒரு டீச்சர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறவள். என் வீட்டு மீட்டரை வாசித்துப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் இல்லாத ஒரு நேரத்துக்காக அம்மாவின் விரல்கள் போயிருக்கின்றன.

உங்களுக்கு இது தெரியுமா? தெரியாமல், வீடியோ பார்த்து ஏமாந்து சொன்னீர்களா? அப்படியென்றால் நான் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இருவரும் ஏமாந்தோம். மூன்று ஃபேஸுக்கும் நேரக் கணக்குக்கும் மாறுவதற்கான விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கணக்கு உங்கள் பெயரில். நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். பெருக்கல் அடையாளம் போட்டிருக்கும் இடத்தில் போட்டு அனுப்புங்கள்.

தெரிந்தே சொன்னீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள்.

கலாராணி

*

தோஹா,
08.04.2025

ராணிக்கு,

என்னைக் கேட்காமல் நீ ஏன் அந்த ஒஃபீசுக்குப் போனாய்? எவனோ ஒருத்தனிடம் போய் என் புருஷன் இப்படிச் சொன்னான், அப்படிச் சொன்னான் என்று உட்கார்ந்து கதைத்துவிட்டு வந்திருக்கிறாய். வீடு என் பெயரில், கரண்ட் என் பெயரில், கார் என் பெயரில். நான் சும்மா வாங்கிப் போடவில்லை. ஆறு வருடம் இந்த ஊர் வெயிலில் போனது.

மூன்று ஃபேஸ் என்றால் வீட்டு வயரிங் எல்லாம் கழற்றிப் போட வேண்டும். நான் ஊரில் இல்லாமல் அந்த வேலை செய்ய முடியாது. படிவம் என்னிடம் இருக்கிறது. வந்த பிறகு பார்க்கலாம்.

பரீட்சை விஷயத்தை நீ மறைத்தாய். மறைக்கிறவளுக்குக் கணக்குக் கேட்க என்ன உரிமை?

யோகராஜ்

*

ஹாலிஎல,
27.04.2025

அத்தானுக்கு,

நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அதுவே பதில்.

புத்தாண்டுக்கு முதல் நாள் காரைக் கழுவி, போர்டிகோவில் விட்டு, சாவியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் கொழுவிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போகிறேன். தர்ஷிகாவும் பஸ்ஸில்தான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் துண்டு வெட்டிவிட்டார்கள். லயத்துக்கு அனுப்பாமல் இங்கே கூட்டிவந்து வைத்திருக்கிறேன். கட்டு மாற்றுவதற்கு ஒன்றுவிட்ட ஒரு நாள் ஸனூஸ் நானாவின் ஆட்டோவில் கூட்டிப்போகிறேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்தக் கருப்புப் பெட்டி இனி உங்களிடம் ஒன்றும் சொல்லாது. கார் வீட்டில்தான் நிற்கும். நான் எங்கே நிற்கிறேன் என்று அதற்குத் தெரியாது.

அம்மா இன்று காலையில் போர்டிகோவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னுமா ரிப்பேரு?"

கலாராணி

*

தோஹா,
18.05.2025

அன்புள்ள ராணி,

போன கடிதத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. தபாலில் போட்ட கையோடு திருப்பி எடுக்கப் போனேன். பெட்டி பூட்டியிருந்தது.

முப்பத்தைந்து நாளாக என் ஃபோன் வரைபடத்தில் காரின் புள்ளி நகரவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, எனக்கு வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதற்காக எழுதுகிறேன். முதல் வாரம் கோபம். இரண்டாவது வாரம் ஃபோன் பழுதென்று நினைத்துக் கடையில் காட்டினேன். கடைக்காரன் சரியாகத்தான் இருக்கிறது என்றான். பிறகு பயம் பிடித்துக்கொண்டது. சதீஸிடம் கேட்டால் "அண்ணி காலையில போறாங்க, பின்னேரம் வாறாங்க" என்கிறான். எதில் போகிறாய், எந்தப் பஸ், எங்கே இறங்குகிறாய், ஒன்றும் தெரியாது. ஷாமில் சொன்னான்: "மச்சான், எங்க எல்லாரோட பொண்டாட்டியும் எங்க இருக்கான்னு எங்களுக்குத் தெரியாதுதானே. நீ மட்டும் ஏன்டா சாகுற?"

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன்.

என் வேலை என்னவென்று உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. ஜன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்க நாற்பத்தெட்டு திரை. நாற்பது மாடிக் கட்டடத்தின் வாசல், லிஃப்ட், கார் விடும் இடம் எல்லாம் என் கண்ணுக்கு முன்னால். பன்னிரண்டு மணி நேரம். பன்னிரண்டாம் மாடிக் கிழவர் எத்தனை மணிக்கு நாயைக் கூட்டிப் போகிறார் என்று எனக்குத் தெரியும். இருபதாம் மாடிப் பெண் லிஃப்டுக்குள் மட்டும் அழுவாள், கதவு திறக்கும்போது முகத்தைத் துடைத்துக்கொள்வாள், அதுவும் தெரியும். என் மகளுக்கு எந்தப் பல் விழுந்தது என்று தெரியாது. நீ சொல்லித்தான் தெரியும்.

டியூட்டி முடிந்து ஃபோனைக் கையில் எடுத்தால் அந்தப் புள்ளி. ஹாலிஎலயில் இருந்து பதுளை, பதுளையில் இருந்து ஹாலிஎல. அது நகர்ந்த கோட்டைப் பார்த்தால் உன்னோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய்வந்த மாதிரி இருக்கும். உலகத்தில் நான் பார்ப்பதில் அது ஒன்றுதான் என்னுடையது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அது வேறு பக்கம் போனால் தாங்க முடியாமல் போய்விட்டது. அன்றைக்கு எனக்கு லீவு நாள், பண்டாரவளையில் நின்ற அந்த நான்கு மணி நேரமும் நான் இங்கே நின்றபடியே இருந்தேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ என்ன சொல்வாயோ என்று பயம். யூனிட்டைக் குறைப்பது லேசாக இருந்தது. விரலால் ஒரு தடவை இழுத்தால் போதும்.

இனி உன் கேள்வி. தெரியும், ராணி. தொடக்கத்தில் தெரியாது. கார் வந்து மூன்றாம் மாதம் சதீஸை விசாரிக்கச் சொன்னேன். மூன்று ஃபேஸ் வேண்டும், நம் வீட்டுக்கு அந்தக் கணக்கு இல்லை என்று சொன்னான். உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது நீ பத்தரை மணிக்குச் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் படுக்கப் போவாய். அந்த நேரத்துக்கு நானும் டியூட்டி முடிந்து ஃபோனைக் கையில் எடுத்திருப்பேன். பச்சை விளக்கு என் ஃபோனிலும் எரியும். நீ வீட்டில் இருக்கிறாய், கதவு பூட்டியிருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த நிம்மதிக்காகச் சொல்லாமல் விட்டேன். பிறகு சொல்ல முடியாமல் போய்விட்டது. பொய் பழகிப்போய், அந்த நேரத்தில் விலை மலிவு என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

மாமியின் விரலுக்கு நான் என்ன எழுத முடியும்? இந்த இடத்தில் இரண்டு நாள் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பில் உன் ஃபோனுக்கு வரும்படி மாற்றிவிட்டேன். சார்ஜரின் கடவுச்சொல்லைக் கடைசித் தாளில் எழுதியிருக்கிறேன், நீயே மாற்றிக்கொள். எடுத்துப்போன பிளக் வயரைக் கொடுத்துவிடும்படி சதீஸுக்குச் சொல்லியாகிவிட்டது. ஊருக்கு ஓடி வந்துவிடலாம் போல இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் முடிய இன்னும் பதினேழு மாதம். நடுவில் விட்டால் ஆறு வருடத்துக்குச் சேர்ந்த பணம் வராது. இந்த அறையை விட்டு நானும் அசைய முடியாது.

காரை எடுத்து ஓட்டு. எங்கேயாவது போ.

உன் யோகராஜ்

*

ஹாலிஎல,
20.07.2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் ஜூன் முதல் வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுதினால் கோபத்திலோ இரக்கத்திலோ எழுதிவிடுவேன் என்று பயந்தேன். அதனால் முதலில் வேலைகளைப் பார்த்தேன்.

விண்ணப்பத்தைக் கொடுத்தேன். ஹாலிஎல சந்தியில் இருக்கும் எலக்ட்ரீஷியன் ஸாஹிர் வந்து நான்கு நாட்கள் வயரிங் மாற்றினார். வீட்டைக் கழற்றிப் போட வேண்டியிருக்கவில்லை, ஒரு பக்கச் சுவரைத்தான் உடைத்தார்கள். நீங்கள் ஊரில் இல்லாமலே முடிந்துவிட்டது. போன வாரம் புதிய மீட்டர் வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் பகல், பீக், இரவு என்று மூன்று கணக்கும் தனித்தனியாகக் காட்டுகிறது. ஸ்ரீஸ்கந்தராஜா சேர் எழுதித் தந்த தாளை மீட்டர் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறேன்.

மீட்டர் வந்த அன்று மாலை தர்ஷிகா ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அம்மா, இப்ப பீக்கா?" என்றாள்.

"ஆமா, இப்ப நெசமாவே பீக்" என்றேன்.

"அப்ப முந்தி?"

"முந்தி அம்மாவுக்குச் சரியாத் தெரியல்ல" என்றேன். "ஃபேனப் போடு, ஒரு ஃபேனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றும் சொன்னேன். உங்களைப் பற்றிச் சொல்லவில்லை. உங்களுக்காகச் சொல்லாமல் விட்டதில்லை. அவளுக்காக.

காரை இப்போதும் பத்தரைக்குப் பிறகுதான் ஏற்றுகிறேன். உண்மையிலேயே மலிவு அதுதான். அதே நேரம், அதே வயர், அதே பச்சை விளக்கு. படுக்கும்போது, இரண்டு வருடமாகச் செய்ததையே செய்கிறேனே என்று முதல் இரவு தூக்கமே வரவில்லை. எழுந்துபோய் அணைத்தேன். பிறகு மறுபடி போட்டேன். என் விரல் சொல்வதை அந்தச் சார்ஜர் கேட்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. கேட்டது.

அம்மாவுக்குப் புண் ஆறிவிட்டது. ஊன்றுகோலோடு நடக்கிறார். இங்கேயே இருங்கள் என்றால் கேட்கவில்லை. "ஒன் வீட்டுல நேரத்துக்கு ஒரு சட்டம். என் காம்பராவுல லைட்டு போட்டா எரியும், அணைச்சா அணையும். என்னை அங்கயே விட்டுரு" என்றார். எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். போன ஞாயிறு நமுனுகுலையில் கொண்டுபோய் விட்டேன். பசறை ஏற்றத்தில் சார்ஜ் இறங்க இறங்க என் கண் அந்த இலக்கத்திலேயே இருந்தது. எழுபது வீதத்துக்கு மேல் இருந்தும் பயந்துகொண்டே ஓட்டினேன். பயம் காரில் இல்லை, எனக்குள் இருக்கிறது. அது எப்போது போகும் என்று தெரியவில்லை. மாதக் கிளினிக்குக்கு நான்தான் போய்க் கூட்டிவருவேன் என்று விஜயலெட்சுமி அக்காவிடம் சொன்னேன். "காரு வரும்னாலும் வேற ஒரு வண்டியும் தயாரா வச்சிக்கிறேன்" என்றார். அவர் சொன்னது சரிதான்.

பரீட்சை எழுதவில்லை. படிக்காமல் போய் எழுதுவதில் அர்த்தமில்லை. அடுத்த முறை எழுதுவேன். சனிக்கிழமைகளில் வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டேன். நாட்டின் எந்தக் காட்டுக்குப் போட்டாலும் போவேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது இந்த வீடு, புதிய மீட்டர், நீங்கள் வரும்போது நான் எங்கே இருப்பேன் என்பது எல்லாம் வேறு கதை. அதை இப்போது உங்களோடு பேச எனக்குத் தெம்பில்லை.

நீங்கள் அந்த அறையைப் பற்றி எழுதியதை மூன்று முறை வாசித்தேன். லிஃப்டுக்குள் அழும் அந்தப் பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. உங்களைப் போல ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தால் அங்கேயும் அழமாட்டாள். உங்கள் மேல் எனக்கு இரக்கம் வருகிறது. ஆனால் நீங்கள் அடைபட்டிருக்கிறீர்கள் என்பதற்காக என்னையும் உள்ளே வைத்துப் பூட்டினீர்கள். இரண்டையும் சேர்த்துத்தான் நான் நினைக்க வேண்டியிருக்கிறது. ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

சார்ஜரின் கடவுச்சொல்லைத் தந்தீர்கள். கருப்புப் பெட்டியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. மறந்தீர்களா, மனம் வரவில்லையா? நான் கேட்கப் போவதில்லை. நேற்று ஸாஹிரிடம் சொல்லிக் கழற்றிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அதே பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். உங்கள் காசில் வாங்கியது.

உங்கள் ஃபோனில் இனிக் கார் ஹாலிஎல வீட்டு வாசலில் நின்ற மாதிரியே காட்டும் என்று ஸாஹிர் சொன்னார், கடைசியாக அங்கேதான் கழற்றினோமாம். அதைப் பார்த்து நான் வீட்டில் இருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் இருக்க மாட்டேன்.

எங்கே போனாய் என்று தெரிய வேண்டுமென்றால் கேளுங்கள். நவம்பரில் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியாது. இப்போது கேட்டால் சொல்வேன்.

கலாராணி